தகடு பூக்கும் நாள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உனக்கு அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி?

ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன் என்பது தெரியும். போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய் என்பதும் தெரியும். அதனால் கடிதம்.

இங்கே ஓர் இசைக் கல்லூரி என்னிடம் அறுபது சிந்தசைசர்கள், மின்னால் ஒலி எழுப்பும் கருவிகள், கேட்டிருக்கிறது. மாணவர்கள் குமிழைத் திருகித் திருகி ஒலியைப் புரிந்துகொள்ள வேண்டுமாம். உள்ளே இருக்கும் சர்க்யூட் என் வேலை. அதில் எனக்குப் பயம் இல்லை. முகப்புத் தகடுதான் உயிரை வாங்குகிறது. எழுத்துகளை ஸ்டிக்கரில் அடித்து ஒட்டிக்கொண்டு போனேன். இசைத் துறைத் தலைவர் அம்மா நகத்தால் ஓர் ஓரத்தை உரித்துப் பார்த்தார். "பசங்க கையில ஒரு வாரம் தாங்காது தம்பி" என்றார். அவ்வளவுதான்.

நீ செய்தது போல வேண்டும் அக்கா. நம் மாடியறையில் முதல் கருவிக்கு நீ செய்த தகட்டில் எழுத்து உலோகத்துக்குள் இறங்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் படிக்கலாம். அதற்கும் முந்தியது நினைவிருக்கிறதா? திருப்பி அச்சடிக்க மறந்துபோய் எல்லா எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் வந்ததே. நீ ஒரு முகக்கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு வாசித்தாய்.

செய்முறையை எழுதி அனுப்புவாயா? ஜூன் பன்னிரண்டு அன்று கல்லூரியில் திறப்பு விழா.

அம்மாவிடம் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

●

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இரண்டு பேர். அம்மா படியில் இறங்கும்போது மட்டும் முழங்காலைத் திட்டுகிறாள். என் தலைவலி அதே இடத்தில் இருக்கிறது. குளிர் நாட்களில் உனக்கு வரும் இருமல் அங்கே எப்படி?

கடிதத்தைக்கூட அச்சடித்து அனுப்பியிருக்கிறாய். கடைசியில் இருக்கும் 'தம்பி'யும் அச்சுதான். அம்மா தாளைத் திருப்பித் திருப்பி உன் கையெழுத்தைத் தேடினாள்.

போன வருடம் பத்திரிகையில் வந்த உன் பேட்டியைப் பார்த்தோம். அம்மா சத்தமாகப் படித்தாள். முகப்பு இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று நிருபர் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை இரண்டு முறை படித்தாள். "அதுல என்ன இருக்கு, தகரம்தானே. வீட்ல யாராவது தேய்ச்சுக் குடுப்பாங்க." படம் தெளிவாக இருந்தது. இரண்டாம் வரிசையின் நான்காம் துளைகூடத் தெரிந்தது.

செய்முறை கேட்டாய். சொல்கிறேன்.

இரண்டு மில்லிமீட்டர் அலுமினியம் எடு. அதைவிட மெல்லியது வேண்டாம், குமிழை அழுத்தினால் வளையும். வெட்டியதும் ஓரங்களை அரத்தால் சரித்துவிடு, இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். நானூறாம் எண் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, நீளவாக்கில் மட்டும் தேய். வட்டமாகத் தேய்க்காதே. ஒரே திசை. மனசு அலைந்தால் கோடும் அலையும். துளையிடும் முன் ஒவ்வொரு துளையின் மையத்திலும் பஞ்ச் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஒரே தட்டு. சந்தேகப்பட்டு இரண்டாவது தட்டு தட்டினால் பஞ்ச் வழுக்கும். அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

எழுத்தை இறக்குவது அடுத்த கடிதத்தில். முதலில் அறுபது தகட்டையும் தேய்த்து முடி. வீட்டில் யாராவது இருந்தால் தேய்த்துக் கொடுப்பார்கள்.

வெந்நீர் குடி. இருமலை வளரவிடாதே.

அக்கா

●

ஜனவரி 22. அனுப்பாதது.

தம்பி,

இதில் நலம் விசாரிக்கப் போவதில்லை.

நீ கிளம்பிய அன்று "காட்டிட்டுத் தந்துடறேன்க்கா" என்று என் வரைபடக் கோப்பையும் தகட்டையும் எடுத்துப் போனாய். அலை, எழுச்சி, தேய்வு, வடிகட்டி என்று ஒவ்வொரு குமிழுக்கும் பெயர் தேட எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. கீழ் மூலையில் 'அரம்' என்று சின்னதாகப் போட்டிருந்தேன். நீ வைத்த பெயர்தான். எப்போது பார்த்தாலும் அரமும் கையுமாக இருக்கிறேன் என்று வைத்தாய். நாக்குக்கும் சேர்த்துத்தான் என்றாள் அம்மா. பத்திரிகைப் படத்தில் அந்த மூலை இல்லை. வெட்டியிருக்கிறாய். வெட்டிய இடத்தை ஒழுங்காக அரம் போட்டுச் சரிக்கக்கூட இல்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று.

ஆகஸ்டில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். அளவுக் கருவிகள் செய்யும் பட்டறை. முகப்பு வடிவமைக்க ஆள் வேண்டும் என்றார்கள். வரைபடங்களின் நகலை மேஜையில் விரித்தேன். பட்டறை மேலாளர் எழுந்து போய் அந்தப் பத்திரிகையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். இரண்டாம் வரிசை, நான்காம் துளை, ஒரு மில்லிமீட்டர் கீழே. என் பஞ்ச் வழுக்கிய துளை. வேண்டுமென்றே திருத்தாமல் வரைபடத்திலும் அப்படியே குறித்து வைத்த என் தவறு.

"நல்லா காப்பி அடிச்சிருக்கீங்கம்மா. தப்பைக்கூட விடல" என்றார்.

அந்த அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை எடுத்தார். நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை.

ஆகவே தம்பி, கடைசிப் படியை உனக்குச் சொல்லப் போவதில்லை.

மயில்துத்தமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துத்தான் எழுத்தை இறக்குகின்றன. எழுத்து இறங்கியபிறகு தகட்டைச் சோடா உப்புக் கரைசலில் ஊற வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் பிரஷால் தேய்க்க வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. கழுவாமல் வார்னிஷ் பூசினால் அன்றைக்குக் கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே அரிப்பு நிற்காது. இரண்டு மாதத்தில், மூன்று மாதத்தில், எழுத்தின் பள்ளத்திலிருந்து வெள்ளையாகப் பூக்கும். பிறகு பூ பரவும். அறுபதிலும்.

ஜூன் பன்னிரண்டு. கணக்கு சரியாக வருகிறது.

●

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அம்மா? என் இருமல் இருக்கிறது, போகிறது. வெந்நீர் குடிக்கிறேன்.

உன் கடிதத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரே திசையில் தேய்த்துத் தேய்த்து வலது தோள் பெயர்ந்துவிட்டது. நாற்பது தகடு முடிந்தது. வீட்டில் யாரும் இல்லை, நானேதான்.

பேட்டியைப் பற்றி. நான் நிறையச் சொன்னேன் அக்கா. உன்னைப் பற்றியும் சொன்னேன். அவர்கள் வெட்டிவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் எப்படி என்று உனக்குத் தெரியாததா.

அடுத்த பகுதியை அனுப்பு. துறைத் தலைவர் அம்மா வாரம் ஒருமுறை வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார். அது திட்டுவதைவிட மோசம்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

●

பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் சர்க்யூட் கைகளுக்கு இந்த வேலை புதிது.

பத்திரிகைக்காரர்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது. வெட்டுகிறவர்கள் எப்படி என்று தெரியும்.

இனி எழுத்து. கவனமாகப் படி.

எழுத்து வரும் இடம் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. இடம் வலம் மாற்றி, வழவழப்பான தாளில் லேசர் அச்சு. இந்தத் தடவை திருப்ப மறக்காதே. தகட்டைச் சூடாக்கி, தாளைக் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்து. ஐந்து நிமிடம். தண்ணீரில் ஊறவிட்டுத் தாளை விரலால் உருட்டி எடு. கறுப்பு தகட்டிலேயே நிற்கும். பின்பக்கத்தையும் ஓரங்களையும் பேக்கிங் டேப்பால் மூடு.

மயில்துத்தமும் சாப்பாட்டு உப்பும் சம அளவு, வெதுவெதுப்பான தண்ணீரில். பிளாஸ்டிக் தட்டு மட்டும். தகட்டை இறக்கியதும் நுரைக்கும், சூடேறும், செம்பு நிறத்தில் சேறு கட்டும். பயப்படாதே. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துச் சேற்றைத் துடைத்துவிட்டு மறுபடி இறக்கு. ஐந்தாறு முறை.

ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். எல்லா ஜன்னல்களும். கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். பக்கத்தில் நெருப்பு கூடாது. ஆவியை முகர்ந்து பார்க்காதே, உனக்கு ஏற்கெனவே இருமல். மிச்சக் கரைசலைச் சாக்கடையில் கொட்டாதே.

பிறகு தண்ணீரில் அலசு. கறுப்பைத் தின்னரால் துடை. பள்ளத்தில் கறுப்புப் பெயிண்டை நிரப்பி வழித்துவிடு. காய்ந்ததும் வார்னிஷ், இரண்டு பூச்சு.

அவ்வளவுதான்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உண்மையில் அவள் கேட்டது, "அவன் எதுக்கு இப்ப திடீர்னு உன்னைத் தேடறான்?"

அக்கா

●

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் உறை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். வந்ததா?

அறுபதும் முடிந்தது. வெயிலில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். துறைத் தலைவர் அம்மா வந்தார். ஒரு தகட்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். "எழுச்சி" என்றார். அடுத்த குமிழுக்கு நகர்ந்து, "தேய்வு" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "யார் வச்ச பேரு இதெல்லாம்?" என்று கேட்டார்.

அதற்குள் யாரோ போனில் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

ஒரு விஷயம். நீ எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். ஒன்று விடாமல் அப்படியே செய்தேன். ஆனாலும் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று ஒரு நினைப்பு. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா? அலசுவதில், காய வைப்பதில்? பொறுமையாக யோசித்துச் சொல். விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

தம்பி

●

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் உறை வந்தது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தாள். "பையன் காலைப் பிடிக்கிற மாதிரி இருக்கு. ரொம்ப இறுக்கமா" என்றாள். உன் தோள் எப்படி இருக்கிறது?

யோசித்தேன். பொறுமையாகவே யோசித்தேன்.

ஒன்றும் விட்டுப்போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

●

ஏப்ரல் 24. அனுப்பாதது.

தம்பி,

உனக்குத் தெரியாமல் உன்னோடு ஒரு தகட்டை நானும் செய்தேன். நீ அறுபதும் முடித்ததாக எழுதிய அதே வாரம். அதே கரைசல், அதே கறுப்பு, அதே வார்னிஷ். சோடா உப்பு இல்லாமல். மாடியறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. உன் அறுபதும் எந்த நிலையில் இருக்கும் என்பதை அதில் பார்த்துக்கொள்கிறேன்.

காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறேன். முதல் நாள், ஒன்றுமில்லை. பத்தாம் நாள், ஒன்றுமில்லை. இருபதாம் நாள் எனக்குக் கோபம் வந்தது, தகட்டின் மேல்.

இன்று காலை, எழுச்சியின் 'ழு'வில், சுழி முடியும் இடத்தில், ஊசிமுனை அளவு வெள்ளை.

துடைத்தேன். போகவில்லை. உள்ளே இருக்கிறது.

அந்த மேலாளரின் மேஜையில் அறுபதையும் அடுக்கி வைப்பதாக நினைத்துப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையை நான் எடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்வதாக. நன்றாக இருந்தது. காலை முழுக்க நன்றாக இருந்தது.

அம்மா மேலே வந்தாள். முழங்காலோடு, பதினான்கு படி. தகட்டைப் பார்த்தாள். "என்னடி இது, தேமல் மாதிரி" என்றாள். வெயில் பட்டது என்றேன். வெயில் படாத சுவர் அது.

ஜன்னல்களைத் திற, கையுறை போடு என்று எழுதினேனே, அதெல்லாம் நிஜம். உன் நுரையீரல் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் பெயர் மேல்தான்.

●

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். அம்மா தேடினாள் என்று சொன்னாயே. என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்கட்டும். இருவரும் நலம்தானே?

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முகப்புத் தகடு என் அக்கா செய்தது. வரைபடம் அவளுடையது. குமிழ்களின் பெயர்கள் அவள் வைத்தவை. இரண்டாம் வரிசை நான்காம் துளை ஒரு மில்லிமீட்டர் கீழே இருப்பது அவள் பஞ்ச் வழுக்கியதால். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவள் பெயர் இருந்த மூலையை வெட்டியது நான். பத்திரிகையில் நான் சொன்னது பொய். அவர்கள் எதையும் வெட்டவில்லை.

இதை எழுதக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆயிற்று.

அறுபது தகட்டிலும் கீழ் மூலையில் 'அரம்' என்று போட்டுவிட்டேன். துறைத் தலைவர் அம்மா யார் வைத்த பெயர் என்று மறுபடி கேட்டார். சொன்னேன். திறப்பு விழாவில் உன்னைப் பற்றிப் பேசப் போகிறாராம். வெளியூரிலிருந்து கருவி செய்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், எல்லோரும் அந்த மூலையைப் பார்ப்பார்கள். கருவிகள் போன வாரமே கல்லூரிக்குப் போய்விட்டன. இனி என் பெயர் எதிலும் இல்லை. உன்னுடையது மட்டும்தான்.

அம்மாவோடு வா.

தம்பி

●

மே 14. துரிதத் தபால்.

தம்பி,

நலம் பிறகு.

நீ உடனே கல்லூரிக்குப் போக வேண்டும். அறுபதையும் கழற்று. குமிழ்களைப் பிடுங்கி, நட்டுகளைத் தளர்த்தி, தகட்டைத் தனியாக எடு. தின்னரால் வார்னிஷையும் பள்ளத்துக் கறுப்பையும் முழுக்கக் கரைத்துவிடு. ஒரு லிட்டர் வெந்நீருக்கு நான்கு கரண்டி சோடா உப்பு. இருபது நிமிடம் ஊற வை. பல் பிரஷால் ஒவ்வொரு எழுத்தையும் தேய். மறுபடி நல்ல தண்ணீர், மறுபடி சோடா, மறுபடி தண்ணீர். ஒரு நாள் முழுக்கக் காய வைத்தபிறகே பெயிண்ட், வார்னிஷ். 'அரம்' இருக்கும் மூலையை இரண்டு மடங்கு தேய். சின்ன எழுத்தில்தான் அழுக்கு அதிகம் தங்கும்.

இதைச் செய்யாவிட்டால் தகடுகள் பூத்துவிடும். என்னிடம் ஒன்று பூத்திருக்கிறது.

பிப்ரவரியில் இதை நான் எழுதவில்லை. மறந்து அல்ல. மார்ச்சில் நீ கேட்டபோதும் எழுதவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். ஆகஸ்டில் ஒரு நேர்காணலில் உன் பத்திரிகைப் படத்தைக் காட்டி, நான் காப்பி அடித்தேன் என்றார்கள். அது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. செய்ய முடியும். ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.

அக்கா

●

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் நின்றுவிட்டது. நீ இப்போது எப்படி இருக்கிறாய்?

உன் பிப்ரவரிக் கடிதம் வந்ததும் முதலில் ஒரே ஒரு தகடு செய்தேன். உன்னிடம் கற்றதுதான், எதையும் ஒன்று செய்து பார்த்துவிட்டு மீதியைத் தொடு என்பாய். அதைக் குளியலறையில் மாட்டினேன். ஈரம் அதிகம். மூன்றே வாரத்தில் பூத்துவிட்டது. எதிர்வீட்டில் முலாம் பூசுகிறவர் ஒருவர் இருக்கிறார். எடுத்துப்போய்க் காட்டினேன். நீ எழுதியதை வரிவரியாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சோடா உப்புல கழுவாம வார்னிஷ் அடிச்சிருக்கீங்க. ஜன்னலைத் தொற, கையுறை போடுன்னு இவ்வளவு சொன்னவங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? உங்க மேல ரொம்பப் பாசம் போல" என்றார்.

அறுபதையும் கழுவித்தான் முடித்தேன். ஒன்றும் பூக்காது.

மார்ச்சில் உன்னைக் கேட்டேன். அலசுவதில் ஏதாவது விட்டுப்போச்சா என்று இடத்தைக்கூடச் சொல்லிக் கேட்டேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று எழுதினாய். தெளிவான கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை.

அதனால் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன், வேறு விதமாக.

எந்தத் தகட்டிலும் 'அரம்' இல்லை அக்கா. துறைத் தலைவர் அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. உன் தம்பியின் அறுபது தகடும் அழுகும் என்று தெரிந்து மூன்று மாதம் உன்னால் இருக்க முடிந்தது. உன் மூன்று எழுத்துக்கு நான்கே நாளில் துரிதத் தபால்.

நேர்காணல் விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

உன் கடிதம் பத்திரமாக இருக்கிறது. 'மறந்து அல்ல' என்ற வரியை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டலாமா என்று யோசிக்கிறேன். அவள் முழங்காலை நினைத்துப் பேசாமல் இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

●

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். தலைவலி இல்லை. மூன்று நாளாக இல்லை.

அம்மாவை நினைத்து நீ கஷ்டப்பட வேண்டாம். எல்லாவற்றையும் நானே படித்துக் காட்டிவிட்டேன். என்னுடையது, உன்னுடையது, அனுப்பாதவை இரண்டு. அம்மா காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் உறையைக் கழற்றி முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "உங்க ரெண்டு பேரையும் ஒரே வயித்துல சுமந்தேன்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்கன்னு நினைச்சிட்டு இருந்தேன். இனிமே நம்புவாங்க." பிறகு தேநீர் போடப் போனாள். எனக்கும் சேர்த்துத்தான் போட்டாள்.

நீ சொன்னது உண்மை. உனக்காக எழுதவில்லை, என் பெயருக்காக எழுதினேன். அதை நான்கு நாள் யோசித்தேன். வெட்கமாக இருந்தது. ஐந்தாம் நாள் உன் மே மாதக் கடிதத்தை மறுபடி எடுத்தேன்.

அது தூண்டில் என்று இப்போது தெரியும். ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நிஜம், மூலையில் பெயர் போட்டதையும் துறைத் தலைவர் அம்மாவிடம் சொன்னதையும் தவிர. நிஜம் இல்லாவிட்டால் நான் கடித்திருக்கமாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அத்தோடு கையால் வேறு எழுதியிருக்கிறாய். கோழிக்கிறுக்கல். உன் 'ற'வின் கால் எப்போதும் அடுத்த எழுத்தின் மேல் ஏறும். அதை யாராலும் காப்பி அடிக்க முடியாது.

ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "முகப்புத் தகடு என் அக்கா செய்தது" என்பதிலிருந்து "அவர்கள் எதையும் வெட்டவில்லை" என்பது வரைக்கும். உன் கையெழுத்து வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. இடம் வலம் மாற்றி, வழவழப்பான தாளில். கடைக்காரர் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பிப் படித்தார். "கல்யாணப் பத்திரிகையாம்மா?" என்றார். குடும்ப விஷயம் என்றேன்.

இரண்டு மில்லிமீட்டர் அலுமினியம். ஒரே திசையில் தேய்த்தேன். கோடு அலையவில்லை. மூன்று தகடுகள்.

ஒன்று உன் இசைத் துறைத் தலைவர் அம்மாவுக்கு. அவர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார், யார் வைத்த பெயர் என்று. கண்ணை மூடிக்கொண்டே பதிலைப் படித்துக்கொள்ளலாம். கூடவே என் பழைய வரைபடத்தின் நகலும், அறுபதில் எதை வேண்டுமானாலும் எடுத்து நான்காம் துளையை அளந்து பார்க்கும்படி ஒரு குறிப்பும். பதிவுத் தபாலில் போயிருக்கிறது. பன்னிரண்டாம் தேதிக்கு முன்பே கிடைத்துவிடும்.

ஒன்றை அந்தப் பட்டறை மேலாளரின் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்தேன். நின்றுகொண்டே படித்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. கைக்குட்டைக்காரர் அன்று வரவில்லை.

மூன்றாவது மாடியறையில், பூத்த தகடு தொங்கிய அதே ஆணியில்.

பூத்ததை உனக்கு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அது நான் செய்தது. வைத்துக்கொள், யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. என் பிப்ரவரிக் கடிதத்தையும் சேர்த்துக் காட்டு. நான் மறுக்கமாட்டேன்.

உன் கையெழுத்தை இறக்கிய மூன்று தகடுகளையும் சோடா உப்பில் இருபது நிமிடம் ஊற வைத்தேன். ஒவ்வொரு எழுத்தையும் பிரஷால் தேய்த்தேன். 'பொய்' என்ற சொல்லை இரண்டு முறை. நல்ல தண்ணீர், மறுபடி சோடா, மறுபடி தண்ணீர். ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபிறகு கறுப்பு நிரப்பி வார்னிஷ் பூசினேன்.

இவை பூக்காது.

விழா அன்று கூட்டத்தில் தொண்டை கட்டும். வெந்நீர் எடுத்துப் போ.

அரம்